மாலையின் குஞ்சமும் இமேஜ்வியூவும்: ஆறாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூரின் கேம்பல் லேனில் மாலை கட்டி விற்கும் ஒருவருக்காக நான் எழுதிய ஆண்ட்ராய்டு செயலி ஆறாவது தீபாவளியைக் காணவிருக்கிறது. அதில் இருப்பவை நான்கே திரைகள், நான்கிலும் படங்கள். ஆகவே இத்தனை ஆண்டுகளில் நான் மிகுதியாகப் புழங்கியது, திரையில் படத்தைக் காட்டும் ஆண்ட்ராய்டு உறுப்பான இமேஜ்வியூவைத்தான்.

முதல் வாரமே முறையீடு வந்தது. "தம்பி, மாலையில குஞ்சத்தையே காணோமே, இதப் பாத்து யாரு வாங்குவா?" என்றார் கடைக்காரர். பட்டியல் சீராகத் தெரியவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு படத்துக்கும் சதுரக் கட்டம் கொடுத்து, படம் கட்டத்தில் பொருந்தும் முறையைச் சொல்லும் ஸ்கேல்டைப்பைச் சென்டர்கிராப் என வைத்திருந்தேன். கட்டம் நிரம்பும் அளவுக்குப் படத்தைப் பொருத்தி, நடுப்பகுதியை வைத்துக்கொண்டு, மிஞ்சியதை அது வெட்டிவிடும். கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த 3:4 படத்தில் மேலே எட்டில் ஒரு பங்கும் கீழே எட்டில் ஒரு பங்கும் போய்விடும். குஞ்சம் தொங்குவது அந்தக் கீழ்ப்பங்கில்தான். மேற்புறத்தை மட்டும் வெட்டு என்று சொல்ல ஆயத்த வசதி கிடையாது. மேட்ரிக்ஸ் வகையைத் தேர்ந்தெடுத்து, கணக்கை நாமே போட வேண்டும். இயல்பாக அமைந்திருக்கும் ஃபிட்சென்டருக்குத் திரும்பியபோது முழு மாலையும் தெரிந்தது, ஆனால் இருபுறமும் வெள்ளைப் பட்டை விழுந்தது. படத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, திரையின் உறுப்புகளை அடுக்கும் கன்ஸ்ட்ரெயின்ட்லேஅவுட்டில் கட்டத்தின் விகிதத்தையே 3:4 என்று ஒரே வரியில் மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது.

அடுத்தது நினைவகம். என் கைத்தொலைபேசியில் ஒழுங்காக ஓடிய செயலி, கடைக்காரரின் ஆண்ட்ராய்டு 7 கருவியில் சில படங்களைத் தாண்டியதும் நின்றுபோனது. வட்டில் மூன்று, நான்கு மெகாபைட் இருக்கும் ஜேபெக் கோப்பு, திரைக்கு வரும்போது, ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியே வைத்திருக்கும் பிட்மேப்பாக விரிகிறது. 4000க்கு 3000 என்றால் 1.2 கோடி பிக்சல்கள், பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட். 360க்கு 480 பிக்சல் கட்டத்தில் காட்டுவதற்குத் தேவையோ 0.7 மெகாபைட்தான். ஆண்ட்ராய்டு 8 முதல் பிக்சல் தரவு, செயலிக்கு வரம்பிட்டு ஒதுக்கப்படும் நினைவகமான ஜாவா ஹீப்புக்கு வெளியே வைக்கப்படுவதால், என் புதிய கருவி இந்தத் தவற்றை எனக்குக் காட்டாமல் மறைத்துவிட்டது. சோதனைக்கு ஒரு பழைய கருவி வைத்திருப்பது அன்று முதல் வழக்கமாயிற்று.

படக் கோப்பைப் பிட்மேப்பாக்கும் பிட்மேப்ஃபேக்டரியின் இன்சாம்பிள்சைஸ் என்ற அமைப்பைக் கொண்டு நானே சிறிதாக்கிப் பார்த்தேன். அது 2, 4, 8 என்ற படிகளிலேயே குறைக்கும். கேமரா எழுதிவைக்கும் திசைக் குறிப்பையும் அது பொருட்படுத்தாததால் சில மாலைகள் படுத்துக் கிடந்தன. போதாக்குறைக்கு, பட்டியலின் வரிசைகளை மறுபடி மறுபடி பயன்படுத்தும் ரீசைக்கிளர்வியூவில் விரைவாக நகர்த்தும்போது, பழைய கோரிக்கையின் படம் தாமதமாக வந்து வேறொரு வரிசையில் அமர்ந்துகொள்ளும். கல்யாண மாலையின் படத்துக்குக் கீழே பூஜைச் சரத்தின் விலை தெரிந்ததைக் கண்டு வாடிக்கையாளர் ஒருவர் மகிழ்ந்ததும் உண்டு.

இரண்டாம் ஆண்டில், படங்களை ஏற்றித் தரும் கிளைட் என்ற நிரல் நூலகத்துக்கு மாறினேன். அளவு, திசை, பழைய கோரிக்கையை ரத்து செய்வது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. இறக்கிய கோப்பைக் கருவியிலேயே சேமித்து வைப்பதால், ஒருமுறை பார்த்த மாலைக்காக மறுபடி இணையத்தை நாடுவதில்லை. ஒரு குறை சொல்லலாம். இமேஜ்வியூவின் அளவை ராப்கன்டென்ட், அதாவது உள்ளிருக்கும் படத்துக்கேற்ப, என்று விட்டுவிட்டால், திரை முழுவதற்குமான அளவில் படத்தைத் தயாரிக்கிறது. கட்டத்தின் அளவை முன்கூட்டியே சொல்லாதவருக்குக் கிளைட்டினால் பாதிப் பயன்தான்.

இப்போது கடைக்காரர் ஐபோனுக்கும் கேட்கிறார். போன வாரம், அங்கே இமேஜ்வியூவுக்கு இணையான யூஐஇமேஜ்வியூவைக் கோடில் உருவாக்கி, பழைய பழக்கத்தில் சதுரக் கட்டமே வைத்து, ஸ்கேல்டைப்பின் வேலையைச் செய்யும் கன்டென்ட்மோடைத் தொடாமல் விட்டுவிட்டேன். அங்கே இயல்பு நிலை ஸ்கேல்டுஃபில். விகிதத்தைப் பாராமல் இழுத்து நிரப்பும். இம்முறை குஞ்சம் பத்திரமாக இருந்தது, ரோஜாக்கள்தாம் அப்பளம்போல் அகன்றிருந்தன.