கடலோரக் காருக்கு எந்த சைலன்சர்? எம்.எஸ்., கம்பெனி பார்ட், 304 எஸ்.எஸ்.

கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி வைத்திக்குப்பத்திலோ வெளியில் நிற்கும் காருக்குப் புது சைலன்சர் மாட்டப் போகிறவர்கள் முதலில் கேட்பது சத்தம் எப்படி இருக்கும் என்றுதான். இந்த ஊர்களில் முதலில் கேட்க வேண்டியது, அது எந்த உலோகம் என்பதை. வெளியே உப்புக் காற்று, உள்ளே தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வரும். மஞ்சக்குப்பத்துக்குள்ளேயே சுற்றும் வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறும் முன்பே எஞ்சினை அணைத்துவிடுவோம். ஆவி உள்ளேயே நீராகித் தங்கிவிடும். முன்குழாய் திடமாக இருக்க, பின் சைலன்சரின் அடிவயிற்றில் மட்டும் ஓட்டை விழுவது அதனால்தான்.

லோக்கல் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், அதாவது சாதா இரும்பு) சைலன்சர் விலை குறைவு, வெல்டிங் சுலபம். ஆனால் வெல்டிங் சூட்டில் மேல்பூச்சு கருகிய இடத்திலேயே துரு பிடிக்க ஆரம்பிக்கும். வண்டியை ஓரிரு வருடத்தில் விற்கப் போகிறவருக்கு மட்டும் இது சரி.

கம்பெனி பார்ட் பெரும்பாலும் அலுமினியப் பூச்சு இரும்பு அல்லது 409 கிரேடு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). 409-ல் குரோமியம் சுமார் 11 சதவீதம்; மேலே பழுப்பேறும், ஆனால் சீக்கிரம் ஓட்டையாகாது. சைலன்சரை வண்டியில் தொங்கவிடும் ஹேங்கர் கம்பிகள் சரியான இடத்தில் இருப்பதால் வீட்டில் மாட்ட இதுதான் சுலபம். சத்தம் மாற வேண்டாம் என்பவர் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

304-ல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். கடற்காற்றில் இதிலும் டீக்கறை போலப் படியும். நல்ல தண்ணீரில் கழுவினால் பெரும்பாலும் போகும். ஆபத்து, 304 என்று சொல்லி 202 என்ற மலிவான எஸ்.எஸ். கிரேடைக் கொடுப்பதில் இருக்கிறது. காந்தம் 409-ல் ஒட்டும். 304, 202 இரண்டிலுமே ஒட்டாது. அதனால் காந்தத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. எஸ்.எஸ். பட்டறைகளில் 9 வோல்ட் பேட்டரியோடு ஒரு சோதனைத் திரவம் வைத்திருப்பார்கள். சொட்டு விட்டுப் பேட்டரியை வைத்தால் 202-ல் சொட்டு சிவக்கும். இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், பில்லில் கிரேடையும் எழுதி வாங்குங்கள்.

குழாயின் அகலத்தில் ஆசைப்பட வேண்டாம். 1.2 லிட்டர் எஞ்சினுக்கு இரண்டரை அங்குலக் குழாய் போட்டால் புகையின் வேகம் குறைந்து, கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை போய்விடும். பழைய அளவு, மிஞ்சினால் கால் அங்குலம் கூடுதல், அவ்வளவுதான். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை வெட்டவே கூடாது. அதற்குப் பின்னால் உள்ளதை மட்டும் மாற்றுங்கள். சத்தமோ புகையோ வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ன்படி முதல் முறையே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். டி.என். வண்டியோ பி.ஒய். வண்டியோ, சட்டம் ஒன்றுதான்.

உலோகம் முடிவான பிறகு இணைப்பு. யு-கிளாம்ப் மலிவு, ஆனால் குழாயைக் கடித்து நசுக்கிவிடும், பிறகு கழற்ற அறுக்கத்தான் வேண்டும். பட்டை கிளாம்ப் சுற்றிலும் சமமாக இறுக்கும், திரும்பக் கழற்றவும் முடியும். ஒரு குழாய்க்குள் இன்னொன்று 40 முதல் 50 மி.மீ. போயிருக்க வேண்டும். வெல்டிங் என்றால் 304-க்கு 308எல் ஃபில்லர் (உருக்கி ஒட்டும் கம்பி), 304-ஐ இரும்போடு சேர்க்க 309எல். சாதா ராடு போட்டால் ஒட்டிய கோடு மட்டும் துருப்பிடிக்கும். வண்டியிலேயே வெல்ட் செய்வதானால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிடுங்கள்.

வேலைக்கு முந்தின இரவே போல்ட்டுகளில் துருவை இளக்கும் ஸ்ப்ரே அடியுங்கள். நம் ஊர் மணல் தரையில் ஜாக்கி மெல்ல மெல்லச் சாயும். அடியில் தடிமனான பலகை போட்டு, வண்டியை ஸ்டாண்டில் இறக்கிய பிறகுதான் உள்ளே நுழைய வேண்டும். ஹேங்கர் ரப்பர் வராவிட்டால் சோப்புத் தண்ணீர் போதும். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும். கேஸ்கட் புதிதுதான் போட வேண்டும்.

எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, தொங்கவிட்டு, பெட்ரோல் டேங்க், பிரேக் லைன், பம்பரிலிருந்து ஓர் அங்குலமாவது விலகியிருக்கிறதா என்று பார்த்து, பிறகு முன்னாலிருந்து பின்னால் இறுக்கிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் அப்போதைக்கு அப்போதே முறுக்கிவிட்டால் கடைசிக் குழாய் கோணிக்கொண்டு பம்பரில் உரசும். முன் இணைப்பில் ஸ்பிரிங் போல்ட் இருந்தால், போல்ட்டின் தோள் (தண்டு தடிக்கும் இடம்) முட்டியதும் நிறுத்திவிட வேண்டும். அந்த இணைப்பு அசைவதற்காகவே அப்படி இருக்கிறது.

திறந்த வெளியில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, ஒருவர் கையுறையோடு ஈரத்துணியால் வால்குழாயைச் சில நொடி அடைக்க, இன்னொருவர் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கட்டும். நுரை பொங்கினால் கசிவு. 100 கி.மீ. ஓடி, முழுக்கக் குளிர்ந்த பிறகு கிளாம்ப்புகளை இன்னொரு முறை இறுக்க வேண்டும்.