பெல்ட்டா, மின்சாரமா: கார் ஏசி கம்பிரஸரில் எது தேவலை?

அக்னி நட்சத்திர வெயிலில், கோயம்பேடு நெரிசலில் என் பழைய பெட்ரோல் காரில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். 'டக்' என்று ஏசி கம்பிரஸரின் கிளட்ச் பிடிக்கும், இன்ஜின் ஒருமுறை குலுங்கும். ஆனாலும் முகத்தில் படும் காற்று மெல்ல வெதுவெதுப்பாகிவிடும். வண்டி நகர்ந்தால்தான் மறுபடி குளிரும். இது பழுதல்ல, பெல்ட் கம்பிரஸரின் இயல்பு. ஏசியின் கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் இந்தக் கம்பிரஸரை, இன்ஜின்தான் ஒரு பெல்ட் வழியாகச் சுழற்றுகிறது. இன்ஜின் வேகம்தான் அதன் வேகம். நிற்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 700, 800 சுற்றுதான் சுற்றும். குளிர் மிகவும் வேண்டிய நேரத்தில்தான் கம்பிரஸருக்கு வலு குறைகிறது.

மின்சாரக் கம்பிரஸருக்கு இந்தத் தளை இல்லை. தனி மோட்டாரும், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வர்ட்டரும் இருப்பதால், காருக்குள் எவ்வளவு வெப்பமோ அதற்கேற்ற வேகத்தில் ஓடும். பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரான டொயோட்டா பிரியஸின் முதல் தலைமுறையில் கம்பிரஸர் பெல்ட்டில்தான் ஓடியது. 2003இல் வந்த இரண்டாம் தலைமுறையில், 201.6 வோல்ட் பேட்டரியின் மின்சாரத்தில் ஓடும் கம்பிரஸர் வந்தது. அதன்பின் சிக்னலில் இன்ஜின் அணைந்தாலும் குளிர் நிற்கவில்லை. 'ஹைபிரிட்' என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சிறு மோட்டார் இன்ஜினுக்குக் கைகொடுக்க மட்டும் செய்யும் மைல்டு ஹைபிரிட் கார்கள் பலவற்றில் இன்றும் பெல்ட்தான்.

கேஸ் கசிவிலும் மின்சாரமே மேல். பெல்ட் வகையில் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தண்டின் சீல் உலர்ந்து கேஸ் கசியும். மின்சார வகையில் மோட்டாரும் கம்பிரஸரும் ஒரே கூட்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது பெல்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். இன்ஜின் விசை நேரே கம்பிரஸருக்குப் போகிறது. ஹைபிரிட்டிலோ அதே விசை மின்சாரமாகி, மறுபடி சுழற்சியாக மாறுவதற்குள் கொஞ்சம் வீணாகிறது. முழு மின்சாரக் காரில் கணக்கே வேறு. ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் காரில் ஏசி ஒரு யூனிட் எடுத்தால், 7 கிலோமீட்டர் போயிற்று.

இருந்தும் நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் மின்சாரக் கம்பிரஸரையே சொல்வேன். ஆனால் பழுதுபார்க்க விடும்போது கவனம் வேண்டும். பெல்ட் கம்பிரஸருக்கு உராய்வைக் குறைக்க வழக்கமாக ஊற்றும் பி.ஏ.ஜி. (PAG) என்ற ஆயில் இதற்கு ஆகாது. மோட்டாரின் சுற்றுக்கம்பிகளே ஆயிலில் நனைவதால், மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.இ. (POE) வகை ஆயிலைத்தான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். என் நண்பரின் ஹைபிரிட்டில் ஒரு பட்டறையில் ஆயிலை மாற்றி ஊற்றிவிட்டார்கள். மின்கசிவு எச்சரிக்கை எரிந்து, வண்டி கிளம்பவே இல்லை. கம்பிரஸரோடு குழாய்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. கேஸ் ஏற்றும் இயந்திரத்தின் குழாயில் ஒட்டியிருக்கும் பழைய ஆயில்கூடக் கெடுதல் செய்யும். ஆகவே வண்டியை விடும்முன், மின்சாரக் கம்பிரஸருக்கென்று தனி இயந்திரம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.