பிளே ஏரியால அடிபட்டா "வீட்ல விழுந்துட்டா"ன்னு மட்டும் சொல்லிறாதீங்க

சின்னப் புள்ளைங்க வச்சிருக்கவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி எங்கண்ணன் மகன் பர்த்டேக்கு மதுரைல ஒரு இன்டோர் பிளே ஏரியாவுக்கு போயிருந்தோம், பேரு போடல. என் மகளுக்கு 6 வயசு. டிராம்போலின்ல வாண்டுங்க நாலு பேரு குதிச்சிட்டு இருக்கும்போதே பெரிய பசங்க ரெண்டு பேரு ஏறிட்டாய்ங்க, பாத்துக்க நின்ன பொண்ணு கவுன்டர்ல கூட்டம்னு அங்கிட்டு போயிருச்சு. கனமான ஆளு குதிச்சு இறங்குனா பக்கத்துல இருக்க சின்னப்புள்ள எகிறிப் போயி விழும், அதுக்குத்தான் வயசு பிரிச்சு ஒவ்வொருத்தரா விடணும்ங்கிறது. என் மக கைய ஊனி விழுந்தா. பத்து நிமிஷத்துல முழங்கை பன்னு மாதிரி வீங்கிருச்சு, அழக்கூட இல்ல, உதடு வெளிறிப்போயி என் முந்தானைய பிடிச்சுக்கிட்டே இருந்தா.

மேனேஜர் தம்பி ஐஸ் கொண்டாந்தாப்ல, காரும் அவரே ஏற்பாடு பண்ணாப்ல. கார் கதவ சாத்தும்போது குனிஞ்சு சொன்னாப்ல, "அக்கா, ஆஸ்பத்திரில வீட்ல விழுந்துட்டான்னு சொல்லிருங்க, பிளே ஏரியான்னா போலீஸ் கேஸாயிரும், ட்ரீட்மென்டே ஆரம்பிக்க மாட்டாய்ங்க, செலவு பூராம் நாங்க பாத்துக்குறோம்"னு. புள்ள கைய பாத்த பதட்டத்துல நானும் அப்படியே சொல்லிட்டேன். நான் செஞ்ச தப்பு அது ஒண்ணுதான், ஆனா எல்லாமே அதுலதான் போச்சு.

அவர் சொன்னது சுத்தப் பொய்யிங்க. அடிபட்டு வந்தவங்களுக்கு மொதல்ல வைத்தியம், போலீஸ் சமாச்சாரமெல்லாம் அப்புறம்னு 1989லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. எப்படி அடிபட்டுச்சோ அப்படியே சொல்லி எழுத வைங்க. நம்ம பெரியாஸ்பத்திரி கேஷுவாலிட்டில ஏ.ஆர்.னு ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல போடுவாங்க, அந்த நம்பர வாங்கி வச்சுக்கங்க.

எலும்பு முறிவு, மயக்க மருந்து குடுத்து ரெண்டு கம்பி வச்சாங்க, 68,000 ரூபா ஆச்சு. மேனேஜர் பில்லு கேட்டாப்லன்னு டிஸ்சார்ஜ் சம்மரியோட சேத்து நானே வாட்ஸப்ல அனுப்புனேன். ஒரு வாரம் "பாத்துக்கலாம்க்கா, ஓனர் வெளியூர்ல இருக்காரு". அப்புறம் அதே சம்மரிய எனக்கே திருப்பி அனுப்பிச்சாப்ல, "வீட்டில் தவறி விழுந்தது"ங்கிற வரில சிவப்புல வட்டம் போட்டு. கீழ, "வீட்ல விழுந்ததுக்கு நாங்க எப்படிக்கா பொறுப்பு?" சிசிடிவி கேட்டா, பழசெல்லாம் அழிஞ்சிருச்சாம்.

நெறைய இடத்துல சிசிடிவி பதிவு கொஞ்ச நாள்ல தானா அழிஞ்சிரும், அதனால அன்னைக்கே "இந்தத் தேதி, இத்தன மணி ஃபுட்டேஜ அழிக்காம வைங்க"ன்னு எழுத்துல குடுங்க, மெயிலோ வாட்ஸப்போ, வாய்ல சொன்னது செல்லாது. கிளம்புறதுக்கு முன்னாடி அந்த எடத்த போட்டோ எடுங்க, அங்க இருந்த பெத்தவங்க ரெண்டு பேரு நம்பர வாங்குங்க. கூட ஒரு ஆள் இருந்தாத்தான் இதெல்லாம் முடியும், புள்ளைய தூக்கிட்டு ஓடுறவங்களால முடியாது.

கைய பத்தியும் சொல்லிருறேன். நீவி விடாதீங்க, நிமித்திப் பாக்காதீங்க, எப்படி மடங்கி இருக்கோ அப்படியே துண்டால தாங்கிக்கங்க. விரல் சில்லுன்னு ஆனாலோ, நீலம் பூத்தாலோ, மரத்துப்போச்சுன்னு புள்ள சொன்னாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க, 108க்கு அடிங்க. எங்க அத்தை மேலூர் பக்கம் எண்ணெய்க் கட்டு போடலாம்னு சொன்னாங்க, பாசத்துலதான் சொன்னாங்க, ஆனா வீங்குன முழங்கைல இறுக்கிக் கட்டுனா ரத்த ஓட்டம் நின்னு கையே வெளங்காம போக வாய்ப்பிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. வாய்ல ஜூஸ் கீஸ் எதுவும் ஊத்தாதீங்க, மயக்க மருந்து குடுக்க வேண்டி வரும்.

உள்ள போகும்போது "எங்கள் பொறுப்பல்ல"ன்னு டேப்லெட் ஸ்க்ரீன்ல கையெழுத்து வாங்குனாய்ங்க, அத வச்சும் மிரட்டுனாய்ங்க. கையெழுத்து போட்டுட்டதால அவைங்க கவனக்குறைவு இல்லைன்னு ஆயிராது. காசு கட்டுனது எங்கண்ணன், நீங்க கஸ்டமரே இல்லன்னு அடுத்து ஒண்ணு சொன்னாய்ங்க. காசு கட்டுனவர் சம்மதத்தோட அந்த சேவைய அனுபவிச்சவங்களும் நுகர்வோர்தான்னு சட்டத்துலயே இருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போட்டு புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருசத்துக்குள்ள வழக்கு போடணும், சேவைக்கு கட்டுன காசு 5 லட்சத்துக்குள்ளன்னா வழக்கு போட கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்ல, நம்ம இருக்க ஊர் மாவட்டத்துலயே போடலாம்.

நான் போலீஸ் ஸ்டேஷன்ல உண்மைய எழுதிக் குடுத்து சி.எஸ்.ஆர்.னு சொல்ற புகார் ரசீது வாங்கிட்டேன், ஆஸ்பத்திரிலயும் லெட்டர் குடுத்து சீல் வாங்கிட்டேன். போன வாரம் எங்க அண்ணி கேக் வெட்டுன வீடியோவ அனுப்புனாங்க. அண்ணன் மகன் ஊதுறான், பின்னாடி கண்ணாடிக்கு அங்கிட்டு டிராம்போலின் தெரியுது, அந்தப் பெரிய பசங்க தெரியுறாய்ங்க, என் மக விழுகுறது தெரியுது, பாத்துக்க ஒரு ஆளும் இல்ல. அதையும் சேத்துத்தான் ஆணையத்துக்கு குடுக்கப் போறேன். மக கம்பிய எடுத்தாச்சு, கை இன்னும் முழுசா நிமிர மாட்டேங்குது, தலைக்கு நான்தான் பின்னி விடுறேன்.