பணியிடைப் பயிற்சியில் கிடைக்காதது இதில் கிடைத்தது: 'ரீடிங் லைக் எ ஹிஸ்டோரியன்' பாடத்தொகுப்பு

வரலாற்று ஆசிரியராகப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இத்தனை வருடங்களில் நான் உட்கார்ந்த பணியிடைப் பயிற்சிகளில் வரலாற்றை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேசியவை மிகக் குறைவு. கணக்கு, அறிவியல், மொழி, வரலாறு என எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, எல்லாருக்கும் பொதுவான ஸ்லைடுகளைக் காட்டி, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். மறுநாள் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும்போது கையில் புதிதாக எதுவும் இருக்காது. எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது, ஏனென்றால் கற்றுக்கொள்ளும் ஆசையோடுதான் ஒவ்வொரு முறையும் போனேன்.

அப்படி இருக்கும்போதுதான் சக ஆசிரியை ஒருவர் 'வரலாற்றாளரைப் போல வாசிப்பது' என்று பொருள்படும் இந்தத் தொகுப்பைக் காட்டினார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சாம் வைன்பர்க் 2002-இல் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டு வரலாற்றுக் கல்விக் குழு உருவாக்கியது, இப்போது டிஜிட்டல் இன்க்வைரி குரூப் என்ற தனி அமைப்பு நடத்துகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பாடங்கள், எல்லாம் இலவசம், பதிவு செய்துகொண்டால் இறக்கிக்கொள்ளலாம். மாணவர்களுக்கான பாடங்களாகத்தான் வெளியிட்டிருக்கிறார்கள், ஆனால் நான் இதை ஆசிரியர் பயிற்சியாகவே மதிப்பிடுகிறேன். காரணம் சொல்கிறேன்.

இதன் வேர் வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில் இருக்கிறது. 8 வரலாற்றாளர்கள், 8 பள்ளி மாணவர்கள். 1775-இல் லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படைக்கும் அமெரிக்கக் குடியேற்றப் படையினருக்கும் நடந்த மோதல் (அமெரிக்க விடுதலைப் போர் இதில்தான் தொடங்கியது) பற்றிய ஆவணங்களைக் கொடுத்து, படிக்கும்போது மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள். வரலாற்றாளர்கள் உள்ளடக்கத்துக்குள் போவதற்கு முன்பே, எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று அடியில் இருப்பதைப் பார்த்தார்கள். மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் நேராகப் படித்துக்கொண்டே போனார்கள். இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: நானும் அந்த மாணவர்களைப் போலத்தான் படிக்கிறேன், அப்படியேதான் சொல்லியும் கொடுக்கிறேன்.

சரி, பாடம் எப்படி இருக்கும்? நடுவில் ஒரு கேள்வி, கொஞ்சம் பின்னணி, பிறகு ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு அல்லது மூன்று ஆவணங்கள், கடைசியில் விவாதம். லெக்சிங்டன் பாடத்தின் கேள்வி, முதல் குண்டைச் சுட்டது யார் என்பது. ஒரு பக்கம் பிரிட்டிஷ் லெப்டினன்ட் ஜான் பார்க்கரின் நாட்குறிப்பு, சம்பவம் நடந்த ஏப்ரல் 19-ஆம் தேதியிட்டது. எதிர்ப்பக்கத்தில் நின்ற அமெரிக்கர்கள்தான் முதலில் சுட்டார்கள் என்கிறார். இன்னொரு பக்கம் அந்த எதிர்ப்பக்கத்து ஆட்கள் 34 பேர் ஏப்ரல் 25 அன்று சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம், அது பழியைப் பிரிட்டிஷ் படை மேல் போடுகிறது. எங்கள் ஆசிரியர்கள் ஆறு பேர் மாணவர்களாக உட்கார்ந்து இந்தப் பாடத்தைச் செய்தோம். அன்றன்றைக்குத் தனக்காக எழுதிய குறிப்பை நம்புவதா, சத்தியம் செய்த 34 பேரை நம்புவதா, ஆறு நாளில் இத்தனை பேரும் ஒரே மாதிரி சொல்லும்படி பேசி வைத்திருப்பார்களா, அந்த வாக்குமூலம் இங்கிலாந்து மக்கள் படிக்க வேண்டும் என்றே அனுப்பப்பட்டதாயிற்றே, நாட்குறிப்பு எழுதிய அதிகாரிக்கும் தன் படையைக் காப்பாற்றும் எண்ணம் இருந்திருக்காதா என்று வாக்குவாதம் ஒரு மணி நேரம் ஓடியது. வரலாற்றைப் பற்றி ஆசிரியர்கள் அறையில் அவ்வளவு நேரம் நாங்கள் பேசியதே இல்லை.

அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர் ஜான் ஸ்மித், பூர்வகுடிப் பெண் போகஹோண்டாஸ் இருவரையும் பற்றிய பாடமும் அருமை. தன் உயிரை அந்தப் பெண் காப்பாற்றினாள் என்று ஸ்மித் 1624-இல் எழுதுகிறார். ஆனால் அதே நாட்களைப் பற்றி அவரே 1608-இல் எழுதியதில் அந்தச் சம்பவம் இல்லை. ஒரே மனிதர், இரண்டு விவரிப்புகள். இதை விடச் சுருக்கமாக 'சான்றை விசாரி' என்று யார் சொல்லித்தர முடியும்?

ஆனால் இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது பாடங்கள் இல்லை, கூடவே இருக்கும் சிறு மதிப்பீடுகள். பத்து நிமிடத்தில் எழுதிவிடலாம். ஒன்றில், 1621-இல் அமெரிக்காவில் ஆங்கிலேயக் குடியேறிகளும் பூர்வகுடிகளும் சேர்ந்து விருந்து உண்ணும் காட்சியை ஓவியமாகக் கொடுத்திருக்கிறார்கள், ஓவியத்தின் தேதி 1932. அன்றைய உறவைப் புரிந்துகொள்ள இது ஒரு வரலாற்றாளருக்குப் பயன்படுமா என்பது கேள்வி. மூன்று நூற்றாண்டு இடைவெளியை முதலில் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் மாணவர்களில் பலர் 'முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறது, ஆகவே பயன்படும்' என்று எழுதினார்கள். நன்றாக மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளும்தான்.

இந்த மதிப்பீடுகளோடு மூன்று நிலை ரூப்ரிக்கும் (விடையை எதை வைத்து மதிப்பிடுவது என்று சொல்லும் அட்டவணை), ஒவ்வொரு நிலைக்கும் மாதிரி விடைகளும் தருகிறார்கள். அங்கேதான் எங்களுக்கு உண்மையான பயிற்சி நடந்தது. இருபது விடைத்தாள்களைப் பெயர் மறைத்து ஆறு பேரும் தனித்தனியாகத் திருத்தினோம், அப்புறம் ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒருவர் மேல்நிலை கொடுத்த தாளுக்கு இன்னொருவர் கீழ்நிலை கொடுத்திருந்தார். ஏன் என்று பேசப் பேசத்தான், தகவல் நிறைய இருப்பதற்கு மதிப்பெண் போடுகிறோமா, யோசித்திருப்பதற்குப் போடுகிறோமா என்பது எங்களுக்கே வெளிச்சமானது. அடுத்த வாரம் எல்லாருடைய கேள்வித்தாள்களும் மாறின.

பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: சான் ஃபிரான்சிஸ்கோவில் 5 உயர்நிலைப் பள்ளிகளில் 236 மாணவர்களை வைத்து ஆறு மாதம் இந்த முறையைச் சோதித்திருக்கிறார்கள். அவிஷாக் ரைஸ்மன் 2012-இல் வெளியிட்ட ஆய்வு அது. வரலாற்றுச் சிந்தனை மட்டுமல்ல, தகவல்களை நினைவில் வைப்பதிலும் வாசிப்புத் திறனிலும் முன்னேற்றம் இருந்தது. 'ஆவணம் ஆவணம் என்று போனால் போர்ஷன் என்ன ஆவது' என்ற பயத்துக்கு இது ஓரளவு பதில்.

குறைகளும் உண்டு. பாடங்களில் பெரும்பங்கு அமெரிக்க வரலாறு. உலக வரலாற்றுப் பகுதி இருக்கிறது, ஆனால் சிறியது. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் வேறு மொழியில் படிக்கும் வகுப்புக்கு நீங்களே மொழிபெயர்க்க வேண்டும், அப்போது நாட்குறிப்பின் தொனி கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆவணங்களை மாணவர்களுக்காகச் சுருக்கி எளிமைப்படுத்தியிருக்கிறார்கள். அது தேவைதான், ஆனாலும் ஆசிரியர் ஒரு முறையாவது மூல வடிவத்தைத் தேடிப் படித்துவிடுவது நல்லது. முதல்முறை நடத்துபவர் ஒரு பாடத்துக்கு இரண்டு பீரியடு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, இது உங்களைத் தனியாக விட்டுவிடும். பாடத்தை இறக்கி அச்சடித்து நடத்திவிட்டால் பயிற்சி ஆகிவிடாது. 2007-இல் ஆசிரியர் பயிற்சி பற்றி 1,300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்தபோது தரத்தில் தேறியவை 9 மட்டுமே. அவற்றிலும் 14 மணி நேரத்துக்கு மேல் நடந்த பயிற்சிகள்தான் மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க பலன் காட்டின. அந்த 9-இல் வரலாற்றுக்கென்று ஒன்றுகூட இல்லை என்பது வேதனை. ஆகவே ஒருநாள் கூத்தாக இதைச் செய்யாதீர்கள். இரண்டு பேராவது சேருங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு பாடம், ஒருவர் நடத்த இன்னொருவர் பின்வரிசையில் உட்கார்ந்து மாணவர்கள் பேசுவதை மட்டும் குறித்துக்கொள்ளட்டும்.

தொடங்க நினைப்பவர்கள் நேராக லெக்சிங்டனுக்குப் போக வேண்டாம். 'லஞ்ச்ரூம் ஃபைட்' என்று ஒரு அறிமுகப் பாடம் இருக்கிறது, பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்த சண்டையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், நீங்கள் தலைமை ஆசிரியராக இருந்து விசாரிக்க வேண்டும். ஆசிரியர்களும் அதிலிருந்தே தொடங்கலாம். அதை முடித்த கையோடு ஓவிய மதிப்பீட்டை உங்கள் வகுப்பில் கொடுத்து, தாள்களைத் திருத்தாமல் அப்படியே சக ஆசிரியரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.