ஆயிரம் கிலோமீற்றரும் அதற்குள் அடங்காத ஏற்றமும்: ஹட்டனில் ஓடிய ஓராண்டு

2024ஆம் ஆண்டுக்குள் ஆயிரம் கிலோமீற்றர் ஓடி முடிப்பதென்று தீர்மானித்தபோது எனக்கு வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன் நான் கடைசியாக ஓடியது, பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் ஆசிரியர்களுக்கென வைத்த நூறு மீற்றர் ஓட்டத்தில். அதிலும் முடிவுக்கோட்டைத் தாண்டியதும் நடுவர் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். லீப் ஆண்டு என்பதால் 366 நாள்கள், நாளொன்றுக்கு 2.73 கிலோமீற்றர். வாரத்தில் நான்கு நாள் ஓடினால் ஒவ்வொரு முறையும் ஐந்து கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாக ஓடினால் போதும். தாளில் இவ்வளவு எளிதாகத் தெரிந்த இலக்கு, இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே, டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் இடையில் தேயிலைத் தோட்டமொன்றின் ஓரத்தில் குடியிருப்பவனுக்கு எப்படிக் கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கரையோரத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு என்றாலும், இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது ஒரு தடையாகத் தோன்றவில்லை. தடையாக நின்றது சாய்வு. என் வீட்டு வாசலிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் தொழிற்சாலை வரைக்கும் ஏற்றம். வலப்பக்கம் திரும்பினால் காசல்ரீ நீர்த்தேக்கம் கண்ணில் படும் வளைவு வரைக்கும் இறக்கம், அதாவது திரும்பி வரும்போது அத்தனையும் ஏற்றம். நான் படித்த பயிற்சி அட்டவணைகள் எல்லாம் சமதரையில் ஓடுபவர்கள் எழுதியவை. 'பேச முடிகின்ற வேகத்தில் ஓடுங்கள்' என்று அவை சொல்லின. முதல் வாரத்தில் அந்த வேகத்தைக் கடைப்பிடித்தபோது, காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக்களத்தை நோக்கி நடந்துகொண்டிருந்த தோட்டத் தொழிலாளி அக்காமார் என்னை முந்திக்கொண்டு போனார்கள். அவர்களுள் ஒருவர் திரும்பிப் பார்த்து, "என்னாங்க சேர், பஸ்ஸை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். தினமும் கூடையோடு மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு, வேலை இல்லாமல் ஒருவன் மலை ஏறுவது வேடிக்கையாகத் தெரிவதில் நியாயம் இருக்கிறது. பெப்ரவரிக்குள் அந்தக் கேள்வி "இன்னிக்கு எத்தனை மைல் சேர்?" என்று மாறிவிட்டது.

ஏற்றம் மூச்சை வாங்குமேயன்றிக் காயப்படுத்தவில்லை. இறக்கம்தான் காயப்படுத்தியது. இறங்கி ஓடும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், அதன் இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. வலி அன்றைக்குத் தெரியாமல் மறுநாள் தொடங்கி, இரண்டாம் நாளில் உச்சத்துக்குப் போகிறது. ஜனவரி நடுவில் தைப்பொங்கலுக்கு முந்தைய நாள் உற்சாகத்தில் வேகமாக இறங்கியதன் பலனை, பொங்கலன்றும் அதற்கு அடுத்த நாளும் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்கி அனுபவித்தேன். நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை இந்தச் சேதத்துக்கு ஆளான தசை அடுத்த முறை அதே இறக்கத்தை எளிதாகத் தாங்குகிறது. சிறிய எட்டாக வைத்து, குதிகாலை முன்னே நீட்டாமல், பாதம் உடலுக்குக் கீழேயே விழும்படி இறங்கப் பழகிய பின், மார்ச்சுக்குப் பிறகு அந்த வலி எனக்குத் திரும்ப வரவில்லை.

இனி, அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓராண்டில் நான் அதிகம் மண்டையைக் குழப்பிக்கொண்டது இதில்தான். ஏப்ரல் முடியும்வரை கைப்பேசியில் ஒரு செயலியை ஓடவிட்டுத் தூரத்தைக் குறித்தேன். மே மாதம் தம்பி, தான் பயன்படுத்திய ஜிபிஎஸ் கைக்கடிகாரத்தைக் கொடுத்தான். காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தையும் அளக்கும் வகை. முதல் நாளே இரண்டையும் எடுத்துக்கொண்டு வழக்கமான சுற்றை ஓடினேன். கைப்பேசி 4.3 கிலோமீற்றர் என்றது, கைக்கடிகாரம் 4.1 என்றது. தொடர்ந்து ஐந்து நாள் பார்த்தும் அதே வித்தியாசம். காரணம் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது விளங்கியது. பள்ளத்தாக்கில் செய்மதிச் சமிக்ஞை மலைச்சரிவிலும் மரங்களிலும் பட்டுத் தெறித்து வருவதால், நான் நேராக ஓடிய இடத்தில் கைப்பேசி என்னைப் பாதைக்கு இருபுறமும் மாறி மாறி நிறுத்தியிருந்தது. ஓரிடத்தில் நான் ஓடைக்குள் ஓடியிருந்தேன். அந்தப் புள்ளிகளை இணைத்த கோணல்மாணலான கோடு, உண்மையான பாதையைவிட நீளமானது. கொண்டை ஊசி வளைவுகளில் இதற்கு நேர்மாறாக, இரண்டு புள்ளிகளுக்கு இடையில் வளைவையே வெட்டிவிட்டுக் கணக்கைக் குறைக்கவும் செய்தது. இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும் என்று நம்பியது என் அறியாமை.

கைக்கடிகாரம் வந்த பிறகுதான் இன்னொன்று புரிந்தது. நான் ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் சராசரியாக 24 மீற்றர் ஏற்றம் இருந்தது. ஆகஸ்ட் விடுமுறையில் கொழும்பிலுள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, காலிமுகத்திடலில் விடியற்காலையில் ஓடிய ஐந்து கிலோமீற்றர், புழுக்கத்தில் சட்டையைப் பிழிய வேண்டியிருந்தும், 29 நிமிடத்தில் முடிந்தது. ஊரில் அதே தூரத்துக்கு எனக்கு 36 நிமிடம் ஆகும். ஆனால் நாட்காட்டியில் இரண்டுமே '5' என்றுதான் விழுந்தன. ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணை இலக்காக வைப்பதில் எனக்குள்ள பெரிய குறை இதுவே: இலக்கை எட்ட வேண்டும் என்ற அவசரம் என்னை மெல்ல மெல்லத் தட்டையான பாதைகளைத் தேட வைத்தது. செப்டெம்பரில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிய நாள்கள் உண்டு. மலையகத்தில் இருந்துகொண்டு மலையைத் தவிர்ப்பதற்காக மைதானத்தில் செக்கு மாடுபோலச் சுற்றுவது அபத்தம் என்று தெரிந்தும், கூட்டுத்தொகை ஏறியதால் விட மனமில்லை.

மழையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது தெரியும். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில்தான் இறங்குகிறது; நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளை எங்களுக்கு அருகில்தான் இருக்கிறது. ஜூனில் 41 கிலோமீற்றரும் ஜூலையில் 52 கிலோமீற்றரும்தான் ஓட முடிந்தது. நனைவது பிரச்சினையாக இருக்கவில்லை. நனைந்த சப்பாத்து மறுநாள் காலைக்குள் காயாததுதான் பிரச்சினை. ஒருமுறை அவசரப்பட்டு விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தேன். பசை இளகி, அடிப்பாகம் வாயைத் திறந்துகொண்டது. தவறு முழுக்க என்னுடையது. அதன் பிறகு உள்ளே செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாளை மாற்றும் முறையைக் கையாண்டேன்; அது உண்மையிலேயே வேலை செய்கிறது. இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு, மேஸின் (காலுறையின்) வெளிப்புறத்தில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. பாசி படிந்த கொங்கிரீட் பாதையில் எந்தச் சப்பாத்தையும் நம்பக் கூடாது. அங்கே நான் நடந்தேன், அந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்த்தேன்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் இங்கே நம் விருப்பம் மட்டுமல்ல. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால், வார இறுதிகளிலும் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாள்களிலும் ஹட்டன்–மஸ்கெலியா பாதையில் இரவிரவாக வாகனங்கள் ஓடும். தூக்கக் கலக்கத்தில் திரும்பி வரும் வேன் சாரதிகளுக்கு முன்னால் விடியற்காலையில் ஓடுவதைவிட வீட்டில் இருப்பதே மேல். அந்த நாள்களில் தோட்டத்து உட்பாதைக்குள் போனேன். அங்கே சிறுத்தை நடமாட்டம் இருப்பதால், காவல்காரர் சொன்னபடி நன்றாக வெளிச்சம் வந்த பின்பே புறப்பட்டேன். நான் சிறுத்தையை ஒருமுறையும் பார்க்கவில்லை. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) நாய்களைத்தான் தினமும் சமாளிக்க வேண்டியிருந்தது. ஓடாமல் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவையும் நின்றுவிடுகின்றன, ஆகவே எல்லா நாய்களின் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். செப்டெம்பர் 22ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, ஜனாதிபதித் தேர்தலுக்கு மறுநாள், ஊரடங்கு நண்பகல் வரை நீடிக்கப்பட்டதால் திட்டமிட்ட பத்துக் கிலோமீற்றர் தவறியது. அடுத்த ஞாயிறு அதையும் சேர்த்து ஓடப் போய்க் குதிகாலில் வலி வந்து, நான்கு நாள் ஓய்வெடுத்தேன். விட்டதைப் பிடிக்க முயல்வது, கடனை அடைக்க வட்டிக்கு வாங்குவது மாதிரித்தான்.

டிசெம்பர் 29ஆம் திகதி கூட்டுத்தொகை ஆயிரத்தைத் தாண்டியது. 31ஆம் திகதி 1,009 கிலோமீற்றரில் நின்றது. ஆனால் அதில் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான 352 கிலோமீற்றர் கைப்பேசி சொன்ன கணக்கு. அதைக் கைக்கடிகார அளவுக்குக் குறைத்தால் 336தான் தேறும். ஆண்டின் மொத்தம் 993க்கு இறங்கிவிடுகிறது. இதை மனைவியிடம் சொன்னபோது, "ஒங்ககிட்ட யாராவது ரசீது கேட்டாங்களா?" என்றார். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் நாட்காட்டியின் கடைசித் தாளில் 993 என்றே எழுதினேன். மே முதல் டிசெம்பர் வரை ஏறிய உயரம் 15,800 மீற்றர், அதாவது 2,524 மீற்றர் உயரமுள்ள பேதுருதாலகால மலையைக் கடல்மட்டத்திலிருந்து ஆறு முறைக்கு மேல் ஏறியதற்குச் சமம். சொல்லப்போனால் இந்த எண்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஓய்வில் இருக்கும்போது 78 ஆக இருந்த நாடித்துடிப்பு 64 ஆகியிருக்கிறது. எடை நான்கு கிலோ குறைந்து, தீபாவளிக்குப் பிறகு ஒரு கிலோ திரும்பி வந்தது.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஆயிரம் கிலோமீற்றர் என்பது நுவரெலியா ஏரிக்கரையில் ஓடுவதானால் பொருத்தமான இலக்கு. எங்கள் பக்கத்துச் சரிவுகளில் எண்ணூறு போதும், அதுவும் ஜூன், ஜூலை மாதங்களுக்கு மற்ற மாதங்களின் பாதியை மட்டும் ஒதுக்கினால். அடுத்த ஆண்டுக்கு நான் எண்ணூறு கிலோமீற்றரும் இருபதாயிரம் மீற்றர் ஏற்றமும் என்று இரண்டு இலக்குகளை வைத்தேன். ஹாட்வெயார் கடையில் கொடுத்த நாட்காட்டியின் கட்டங்கள் சிறியவை. மேலே தூரத்தையும் கீழே உயரத்தையும் எழுத, மகளின் பென்சிலைக் கூராகச் சீவி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.