லிஜ்ஜத் அப்பளம்: பிசைவது ஓரிடம், இடுவது ஆயிரம் வீடு

நம் ஊர் உளுந்து அப்பளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு லிஜ்ஜத் பொட்டலத்தைப் பிரித்தால் ஏமாற்றம்தான். நம்முடையது பிரண்டைச் சாறும் உப்பும் உளுந்துமாக, வத்தக்குழம்புச் சோற்றுக்குத் துணையாகப் பிறந்தது. அதனால்தான் அதில் காரம் கிடையாது. லிஜ்ஜத், பெண்களே கூட்டாக நடத்தும் மும்பை நிறுவனம் ஒன்றின் அப்பளம்; குஜராத்திகளின் பாப்பட். உடைத்த மிளகும் பெருங்காயமும் மாவிலேயே கலந்திருக்கும். எண்ணெயில் போட்டால் நம் அப்பளம் போலக் கொப்புளம் கொப்புளமாகப் பொங்காது, சீராக விரியும். தணலில் சுட்டுத் தனியாகத் தின்னும்போதுதான் அதன் ருசி முழுதாகத் தெரியும்.

வகைகளில் முதலில் வாங்க வேண்டியது சாதாரண உளுந்து. பெருங்காய வாசனை முன்னால் வரும், மிளகு பின்னால் வந்து தொண்டையில் நிற்கும். பாசிப்பருப்பு அப்பளம் மெல்லியது, சாந்தமானது, குழந்தைகளுக்கு ஏற்றது. பஞ்சாபி மசாலா வகையில் மிளகு தூக்கல். ரசம் சாதத்தோடு அது சண்டை போடும், தயிர் சாதத்தோடு நன்றாகப் போகும். பூண்டு வகை எனக்குச் சிபாரிசு இல்லை. சுடும்போது பூண்டு மணம்தான் முதலில் கருகுகிறது.

ஒரு அப்பளத்தை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடு இருட்டாகவும் ஓரம் வெளிறியும் தெரிந்தால் குழவி ஓரத்திலேயே அழுத்தியிருக்கிறது என்று பொருள். அதைச் சுட்டால் ஓரம் கருகும், நடு வேகாது. லிஜ்ஜத்தில் பெரும்பாலும் ஒரே சீரான மங்கல்தான் தெரியும். மிளகுத் துணுக்குகளும் ஒரு பக்கமாக ஒதுங்காமல் பரவியிருக்கும். இயந்திரம் போட்ட அப்பளத்தில் இது அதிசயமில்லை. ஆனால் இது கையால் இட்டது, அதுவும் சுமார் 45,000 பெண்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து இட்டது. அத்தனை கையும் ஒரே அப்பளத்தை எப்படிக் கொடுக்கின்றன என்பதில்தான் இந்தப் பொருளின் சரக்கு இருக்கிறது. அது நிர்வாகம் பற்றிய கேள்வி.

1959 மார்ச் 15. பம்பாய் கிர்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏழு குஜராத்திப் பெண்கள் அப்பளம் இட உட்கார்ந்தார்கள். முதலீடு, சமூக சேவகர் சகன்லால் கரம்சி பாரேக்கிடம் வாங்கிய 80 ரூபாய் கடன். அன்றைய உற்பத்தி நான்கு பொட்டலம். முதல் ஆண்டு விற்பனை 6,196 ரூபாய். மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் வேலை நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டில் வாங்கினார்கள், ஒரு அடுப்பு வாங்கினார்கள். கட்டில்மேல் அப்பளம், கட்டிலுக்கு அடியில் அடுப்பு. மழை நிற்கட்டும் என்று அதற்கப்புறம் காத்திருக்கவில்லை. அந்த எழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்னாதாஸ் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விற்பனை 1,600 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம் அது.

பெண்கள் நடத்தும் தொழில் என்றாலே பரிவு, பொறுமை, அரவணைப்பு என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். லிஜ்ஜத்தின் தலைவிகளிடம் நான் பார்ப்பது கறார். ஆரம்பத்தில் ஒசத்தி, மலிவு என இரண்டு தரம் போட்டார்கள். மலிவுத் தரத்தை விட்டுவிடுங்கள், தரம் ஒன்றே இருக்கட்டும், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்று பாரேக் சொன்னார். அன்று பிடித்த பிடியை இன்றுவரை தளர்த்தவில்லை.

முக்கியமான தீர்மானம், எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதை விட்டுக்கொடுப்பது என்பது. உளுந்து மியான்மரிலிருந்து, பெருங்காயம் ஆப்கானிஸ்தானிலிருந்து, மிளகு கேரளத்திலிருந்து. கொள்முதல் மும்பையிலேயே. மாவு பிசைவதும் கிளையில்தான். அப்பளம் கெடுவதற்கான வாய்ப்பு முக்கால்வாசி இந்த இடத்தில்தான் இருக்கிறது. உளுந்து பழசானால் மாவு இழுபடாது, இடும்போது ஓரம் கிழியும். அப்பளக் காரம், அதாவது மாவில் சேர்க்கும் சோடா உப்பு, கூடினால் பொரிக்கும்போது சிவந்து கசக்கும், குறைந்தால் விரியாமல் தகடாக நிற்கும். தண்ணீர் ஒரு கை கூடிப்போனால் அடுக்கில் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். இதையெல்லாம் வீட்டுக்கு வீடு விட்டால் ஊருக்கொரு ருசி ஆகிவிடும். வீட்டுக்கு விட்டது இரண்டே வேலை: இடுவது, உலர்த்துவது. முதலீடு வேண்டாதது, ஆனால் நேரமும் கையும் வேண்டியது அது. புதிய ஊரில் கிளை திறக்கப் பெரிய தொழிற்கூடம் கட்டத் தேவையில்லாமல் போனதற்குக் காரணம் இந்தப் பிரிவினைதான்.

விடியற்காலையில் சிற்றுந்து வந்து பெண்களைக் கிளைக்கு அழைத்துப்போகிறது. முந்தின நாள் இட்ட அப்பளத்தை ஒப்படைக்க வேண்டும். எடை போடுகிறார்கள், பார்க்கிறார்கள். வாங்கிப்போன மாவுக்கு உலர்ந்த அப்பளம் இவ்வளவு வரவேண்டும் என்ற கணக்கு இருப்பதால், குறைந்தாலும் தெரியும், சரியாகக் காயாமல் கனத்தாலும் தெரியும். கூலி கையோடு கிடைக்கிறது. பிறகு அன்றைய மாவை வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். ஒருவர் மூன்று கிலோ இடுவார், இன்னொருவர் ஐந்து கிலோ. வீடு சுத்தமாக இருக்கிறதா என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பதும் உண்டு. பிழை ஒரே நாளில் பிடிபடுகிறது, பிழை செய்தவர் எதிரிலேயே நிற்கிறார். பெரிய உணவு நிறுவனங்களில் தரப் புகார் மேலே போய்க் கீழே வர எத்தனை நாளாகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கிளையை நடத்துபவர் சஞ்சாலிகா. வெளியிலிருந்து மேலாளர்களைக் கொண்டுவந்து உட்காரவைப்பதில்லை, இட்டுப் பழகியவர்களே மேலே வருகிறார்கள். தலைமையில் 21 பேர் கொண்ட குழு. ஆண்கள் கணக்கெழுதலாம், வண்டி ஓட்டலாம், உறுப்பினராக முடியாது, வாக்கும் இல்லை. லாபம் உறுப்பினர்களுக்குச் சமமாகப் பிரிகிறது, சில சமயம் தங்கக் காசாக. பங்கு தன்னுடையது என்பதால் பக்கத்து வீட்டுக்காரி மோசமாக இட்டாலும் கேட்பார்கள். இதை எந்தக் கண்காணிப்பாளராலும் செய்ய முடியாது.

குறையும் இருக்கிறது. பெரிய முடிவுகளுக்கு எல்லோரும் ஒத்துவர வேண்டும் என்பது விதி. ஒருவர் மறுத்தாலும் நின்றுபோகும். மோசமான யோசனையைத் தடுக்க இது நல்ல வேலி. வேகமாக ஓட வேண்டிய சந்தையில் கால்கட்டு. 1961-இல் மும்பையின் மலாடில் திறந்த கிளை நிலைக்கவில்லை. தீப்பெட்டி, ஊதுபத்தி, தோல் பொருள் என்று கைவைத்தவையும் தேறவில்லை. மசாலாவும் காக்ரா என்னும் மொறுமொறு குஜராத்தி ரொட்டியும் சசா சலவைத்தூளும் நின்றன. அப்பளத்தைத் தேர்ந்தெடுக்கும் அதே கடைக்காரரும் அதே வீட்டுக்காரியும் வாங்கும் பொருள் பிழைத்தது, புதிய கடைவழி தேவைப்பட்டது விழுந்தது என்பது என் கணிப்பு. பெயர் ஓடியதும் போலிப் பொட்டலங்களும் வந்தன. தெரியாத கடையில் வாங்கினால் அச்சையும் எழுத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

இனி அடுப்படி. சுடுவதென்றால் நடுத்தரத் தீ, இடுக்கி. ஓரத்தை முதலில் காட்டிச் சுற்றிக்கொண்டே வாருங்கள், நடுவைக் கடைசியில். ஓரிரு நொடிக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும். நடுவை முதலில் சுட்டால் அது கிண்ணம் மாதிரி வளைந்துகொள்ளும், அப்புறம் ஓரத்துக்குத் தீ எட்டாது. பொரிப்பதென்றால் எண்ணெய் நன்றாகக் காய வேண்டும். ஒரு சிறு துண்டைப் போட்டால் அடியில் தங்காமல் உடனே விரிந்து மேலே வரவேண்டும். மூன்று நான்கு நொடி போதும், பொன்னிறத்துக்குக் காத்திருந்தால் தட்டுக்கு வருவதற்குள் மிளகு கருகியிருக்கும். காயாத எண்ணெயில் போட்டால் எண்ணெய் குடித்துத் தோலாகும். மைக்ரோவேவிலும் சுடலாம், ஆனால் தீயின் வாசனை வராது.

பொட்டலம் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பா. வெயிலில் வைக்காதீர்கள். அளவுக்கு மேல் காய்ந்தால் எடுக்கும்போதே உடையும். உப்பு கணிசமாக இருக்கிறது, அப்பளக் காரத்திலும் சோடியம் உண்டு. இரத்த அழுத்தக்காரர்கள் அரை அப்பளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சுட்டதன்மேல் மேலும் உப்புத் தூவிக் கொடுக்கும் உணவகங்களை என்ன சொல்ல. வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, எலுமிச்சை போதும், அதையும் சாப்பிட உட்கார்ந்த பிறகே தூவ வேண்டும், இரண்டு நிமிடத்தில் நமத்துப்போகும்.