ரீஸ்டோர் பாயின்ட்: ஆறு வருடப் பழக்கமும் ஆறாத கோபமும்

"புது பிரின்டருக்கு டிரைவர் போட்டேன்டா. அப்புறம் கம்ப்யூட்டர் பாதியிலேயே நின்னுடுது. கடையில ஃபார்மட் அடிக்கணும்னு சொல்றாங்க. ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கலாமா?" போன வாரம் நண்பன் கேட்டான். (டிரைவர் என்பது ஒரு கருவியைக் கம்ப்யூட்டரோடு சேர்ந்து இயங்க வைக்கும் புரோகிராம்.) போய்ப் பார்த்தால், விண்டோஸின் நிலையை அவ்வப்போது பதிந்து வைக்கும் சிஸ்டம் புரொடெக்‌ஷன் ஆஃபில் இருந்தது. திரும்பிப் போக ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (அப்படிப் பதிந்து வைத்த பழைய நிலை) கூட இல்லை.

எனக்கு ஆத்திரம் இங்கேதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது தானாகவே ஆனில் இருக்கும். விண்டோஸ் 10 வந்த பிறகு பல கம்ப்யூட்டர்களில் நாமாகத் தேடிப் போய் ஆன் செய்தால்தான் உண்டு. சிக்கல் வரும்வரை அது யாருக்குத் தெரியும்?

ஆனால் இந்த ரீஸ்டோர் வசதி அருமையானது. ஒருமுறை சவுண்ட் டிரைவர் அப்டேட் செய்ததும் என் லேப்டாப்பில் சத்தமே போய்விட்டது. அதற்கு முந்தைய நாள் உருவாக்கிய பாயின்டுக்குத் திரும்பினேன். அரை மணி நேரத்தில் பாட்டு கேட்டது. படங்கள், கடிதங்கள், கணக்கு ஃபைல்கள் எதிலும் கை வைக்கவில்லை. டிரைவர், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்), சிஸ்டம் ஃபைல்கள் மட்டும்தான் பழைய நிலைக்குப் போகும். இடையில் போட்ட புரோகிராம்கள் போய்விடும். எவையெவை என்று 'ஸ்கேன் ஃபார் அஃபெக்டட் புரோகிராம்ஸ்' பட்டனை அழுத்தினால் முன்கூட்டியே காட்டிவிடும். விண்டோஸ் திறக்காவிட்டாலும் ரிக்கவரி திரையில் 'டிரபிள்ஷூட்' வழியாகப் போய் ரீஸ்டோர் செய்யலாம். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரிக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எரிச்சல்: ஒதுக்கிய இடம் நிரம்பினால் பழைய பாயின்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் அழிந்துவிடும். நான் பெயர் வைத்துப் பாதுகாத்த ஒன்று அப்படித்தான் போனது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலோ, 2025 ஜூன் அப்டேட்டுக்குப் பிறகு, ஒரு பாயின்டின் ஆயுளுக்கு 60 நாள்தான் உச்சவரம்பு.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, இதை மட்டும் நம்பி இருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாயின்டுகள் இருப்பதும் அதே டிஸ்கில்தான். டிஸ்க் போனால் அவையும் போகும். நண்பனின் கம்ப்யூட்டருக்கு ஃபார்மட் முடிந்ததும் முதல் வேலையாக சி டிரைவுக்குப் புரொடெக்‌ஷனை ஆன் செய்து, 'பிரின்டருக்கு முன்' என்று ஒரு பாயின்ட் உருவாக்கினேன். அவன் மகளின் படங்களைத் தனி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்தபிறகுதான் பிரின்டர் பெட்டியைத் திறக்க விட்டேன்.